அந்தப் பத்தில் எதெல்லாம் நிஜமாகவே ரோமானியருடையது?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காக "ரோமானியர் கண்டுபிடித்த பத்து" என்று ஒரு சார்ட் போட்டிருக்கிறாள். கான்கிரீட், சாலை, தொட்டிப்பாலம், வளைவு, சாக்கடை, காலண்டர், செய்தித்தாள், புத்தகம், கண்ணாடி ஊதுதல், தரைக்கடியில் சூடேற்றும் முறை, இவைதான் பட்டியல். தொட்டிப்பால வளைவுகளை இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தாள். என் கொழுந்தனார் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுகூட அவர்களுடையது இல்லை, எல்லாம் கிரேக்கர்களிடம் சுட்டது" என்று சொல்லிவிட்டார். பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பண்டைய வரலாறு பாடம் நடத்தியவர் நீங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது?
- ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கள், சார்ட்டைக் கிழிக்கிற அளவுக்கு எதுவும் நடந்துவிடவில்லை. உங்கள் கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. ஆனால் "எல்லாம் கிரேக்கர்" என்று ஒரே மூட்டையில் கட்டினாரே, அது உங்கள் மகள் செய்ததைவிடப் பெரிய தவறு. அந்த மூட்டைக்குள் அசீரியர், பாரசீகர், எகிப்தியர், சிரியாக்காரர், எத்ருஸ்கர், கெல்ட்டுகள் என்று பாதி உலகம் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "வளைவைக் கண்டுபிடித்தவர்கள் ரோமானியர்" என்று கரும்பலகையில் எழுதியவன்தான், எழுதியதை மாணவர்கள் தேர்வில் அப்படியே திருப்பி எழுத, நானும் மதிப்பெண் போட்டுத் தொலைத்தேன்.

சட்டென்று அடிக்க வேண்டியவற்றை முதலில் அடித்துவிடுவோம்.

வளைவு அவர்களுடையது இல்லை. இன்றைய இஸ்ரேல் கடற்கரையில் அஷ்கெலோன் என்ற ஊரில், பச்சைச் செங்கல்லால் கட்டிய வளைவு வாசல் ஒன்று இருக்கிறது, அதற்கு வயது சுமார் கி.மு. 1850. அப்போது ரோம் என்று ஒரு ஊரே கிடையாது. சாக்கடையும் இல்லை, மொகஞ்சதாரோவில் மூடி போட்ட வடிகால் அதற்கும் முந்தையது. ரோமிலேயே இருக்கிற புகழ்பெற்ற பெரிய சாக்கடையை வெட்டத் தொடங்கியது ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எத்ருஸ்க இனத்து அரசர்கள் என்பதுதான் ரோமானியரே சொன்ன கதை. சாலையும் அப்படித்தான். ரோமின் முதல் பெருஞ்சாலையான ஆப்பியா கி.மு. 312-இல் தொடங்கியது, அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முன்பே பாரசீகத்தின் டேரியஸ், இன்றைய ஈரானில் இருக்கும் சூசாவிலிருந்து இன்றைய துருக்கியில் இருக்கும் சார்டிஸ் வரைக்கும் அரச சாலை வைத்து, வழி நெடுக குதிரை மாற்றும் நிலையங்களும் வைத்திருந்தார்.

கண்ணாடி ஊதுதலும் கையை விட்டுப் போகிறது. இதற்குக் கிடைத்த மிகப் பழைய தடயங்களில் ஒன்று ஜெருசலேமில் குப்பையாகக் கொட்டப்பட்ட கண்ணாடிக் கழிவு, கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சிரியா, பாலஸ்தீனக் கடற்கரைக் கைவினைஞர்களின் வேலை அது. ஆனால் அந்தப் பகுதி ரோமின் கைக்கு வந்த பிறகு என்ன ஆனது என்று பாருங்கள்: ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர், ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் குவளை வாங்கலாம் என்று எழுதுகிறார். அரசர் வீட்டுப் பொருள் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் சந்தைக்கடைப் பொருளாகிவிட்டது. கண்டுபிடிப்பு ஒருவருடையது, மலிவாக்கியது இன்னொருவர். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தொட்டிப்பாலத்துக்கு வருவோம், பிள்ளை அதைத்தானே வரைந்திருக்கிறாள். அசீரிய அரசன் சென்னாகெரிப், தன் தலைநகர் நினிவேக்குத் தண்ணீர் கொண்டுவர ஜெர்வான் என்ற இடத்தில் ஓர் ஓடைக்குக் குறுக்கே கல்லாலான தொட்டிப்பாலம் கட்டினான். சுமார் 280 மீட்டர் நீளம், இருபது லட்சம் கற்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், காலம் கி.மு. 700-ஐ ஒட்டி. கிரேக்கத் தீவான சாமோஸில் யூபலினோஸ் என்ற பொறியாளர் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மலைக்குள் 1,036 மீட்டர் சுரங்கம் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார், இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் தோண்டி நடுவில் சந்தித்திருக்கிறார்கள், அந்தக் காலத்துக் கணக்குக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல்! ரோமின் முதல் வாய்க்கால் ஆக்வா ஆப்பியா, அதுவும் கி.மு. 312. ஆக, கொழுந்தனாருக்கு இங்கே ஒரு மதிப்பெண் உண்டு, ஆனால் அசீரியாவை மறந்ததற்குக் கழித்துக்கொள்ளுங்கள்.

ரோமானியர் செய்தது வேறு. ஒரு ஊருக்கு ஒன்று என்று நிற்காமல் பேரரசு முழுக்க நூற்றுக்கணக்கில் கட்டினார்கள், கட்டியதைப் பராமரிக்கத் தனி அதிகாரியை வைத்தார்கள். கி.பி. 97-இல் ரோமின் குடிநீர் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், எந்தக் குழாய் எத்தனை விரல் அகலம், எங்கே யார் திருட்டு இணைப்பு போட்டிருக்கிறார்கள் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். எகிப்தின் சோம்பேறிப் பிரமிடுகளையும், பேர் மட்டும் பெரிதான உபயோகமில்லாத கிரேக்கக் கட்டடங்களையும் இதோடு ஒப்பிட முடியுமா என்று வேறு பெருமை அடித்துக்கொள்கிறார். படிக்கும்போது எனக்கு எப்போதும் நம் ஊர் பொதுப்பணித்துறை இன்ஜினியர் ஒருவர் ஓய்வு பெறும்போது பேசுகிற மாதிரியே இருக்கும்.

காலண்டர் கொஞ்சம் சுவாரசியமான வழக்கு. கி.மு. 46-இல் ஜூலியஸ் சீசர் திருத்தியதுதான், சரி. ஆனால் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த வானியலாளர் சோசிஜெனிஸ். 365 நாள் ஆண்டு எகிப்தில் காலங்காலமாக இருந்தது, நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்ட வேண்டும் என்று எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி கி.மு. 238-லேயே ஆணை போட்டுப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. ரோமில் அதுவரை பூசாரிகள் இஷ்டத்துக்கு மாதம் கூட்டிக்கொண்டிருந்தார்கள், வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் இருந்தால் சுருங்கும். இந்தக் குழப்பத்தைச் சரிக்கட்ட கி.மு. 46-ஐ மட்டும் 445 நாள் ஆண்டாக இழுத்தார் சீசர். அவர் கொலையான பிறகு நடந்ததுதான் வேடிக்கை: "நான்காவது ஆண்டுதோறும்" என்பதை ரோமானியர் எண்ணும் பழக்கப்படி, முதல் ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லீப் வைத்துவிட்டார்கள் பூசாரிகள். அகஸ்டஸ் வந்து நிறுத்திச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சொந்தக் கண்டுபிடிப்பாக இருந்திருந்தால் இப்படிக் கோட்டை விட்டிருப்பார்களா? ஆகவே சார்ட்டில் "எகிப்தியக் கணக்கு, ரோமானியச் சட்டம்" என்று எழுதச் சொல்லுங்கள்.

செய்தித்தாள் என்பதை அடித்துவிடலாம். கி.மு. 59-இல் சீசர் ஆட்சித் தலைவராக இருந்தபோது செனட் நடவடிக்கைகளை அன்றாடம் எழுதி வெளியிடச் செய்தார் என்பது உண்மை. ஆனால் பொது இடத்தில் ஒட்டும் அரசு அறிவிப்பை நான் செய்தித்தாள் என்று சொல்ல மாட்டேன். தரைக்கடிச் சூடு இழுபறி. ஓராட்டா என்ற ரோமானிய வியாபாரி, சிப்பி வளர்த்துப் பணம் பார்த்தவர், கி.மு. 100 வாக்கில் அதைக் கொண்டுவந்தார் என்று ரொம்ப நாள் பாடப்புத்தகங்கள் சொல்லின. ஆனால் கிரேக்கர் ஊர்களில், முக்கியமாக சிசிலிப் பக்கம், அதற்கு முன்பே தரையைச் சூடாக்கிய குளியல் அறைகள் தோண்டியெடுக்கப்பட்டுள்ளன. சுவருக்குள்ளும் ஓட்டுக் குழாய் வைத்து அறை முழுக்கச் சூட்டைச் சுற்றவிட்டது ரோமானியர்.

எட்டு போயிற்று. மீதி இரண்டு. இந்த இரண்டில் கொழுந்தனார் தோற்கிறார்.

கான்கிரீட். சுண்ணாம்புச் சாந்து ரோமுக்கு முன்பே பல நாட்டில் உண்டு, அதில் சண்டை இல்லை. சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து காற்றில்தான் இறுகும், தண்ணீருக்குள் போட்டால் கூழாகவே கிடக்கும். நேப்பிள்ஸ் பக்கத்தில் இன்று பொட்சுவோலி என்று சொல்கிற ஊரைச் சுற்றிக் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் கதையே மாறுகிறது. சாம்பலில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீருக்கடியிலேயே கல்லாகின்றன. அந்த ஊர் பெயரால்தான் அந்தச் சாம்பலுக்கு பொசலானா என்று பெயர். உங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்துக்குப் போய் சிமெண்ட் மூட்டையைப் பாருங்கள், பி.பி.சி. என்று போட்டிருக்கும், வானொலி இல்லை, போர்ட்லாண்ட் பொசலானா சிமெண்ட். இப்போது அதில் கலப்பது பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல், ஆனாலும் பெயரில் அந்த இத்தாலிய ஊர் உட்கார்ந்திருக்கிறது. நம் பழைய கொத்தனார்கள் செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்பில் போட்ட சுர்க்கியும் இதே வேதியியல்தான், 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அப்படிக் கட்டியது. ரோமானியரும் சாம்பல் கிடைக்காத இடத்தில் ஓட்டுத் தூளைப் போட்டார்கள்.

ஆனால் கலவையைவிட அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். கல்லை அடுக்கிச் சந்தில் பூசுகிற பொருளாக இருந்ததை, அச்சில் கொட்டி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும் பொருளாக மாற்றினார்கள். தூண் இல்லாமல் பெரிய கூடத்தை மூடலாம் என்பது கட்டடக்கலையில் அப்படியொரு திருப்பம். ரோமில் இருக்கும் பாந்தியன் கோயில் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். உள்ளே கம்பி ஒன்றுகூடக் கிடையாது. கம்பியில்லாக் கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் அதுதான் பெரியது. எப்படி நிற்கிறது? அடிவாரத்தில் கனமான கல்லையும், மேலே போகப் போக லேசான கல்லையும், உச்சிக்குக் கிட்டே மிதக்கிற பியூமிஸ் கல்லையும் ஜல்லியாகப் போட்டிருக்கிறார்கள், குவிமாடத்தின் தடிமனையும் மேலே குறைத்துக்கொண்டே போய் நடு உச்சியில் கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் ஓட்டையைத் திறந்து விட்டார்கள். எடை அதிகமாக இருக்கக்கூடாத இடத்தில் எடையே இல்லை!

இவ்வளவு காலம் ஏன் நிற்கிறது என்பதற்கு 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிரிவெர்னம் என்ற பழைய ஊரின் மதில் துண்டை எடுத்துப் பார்த்தவர்கள், கலவைக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருப்பதைக் கவனித்தார்கள். அதுவரை அது சரியாகக் கலக்காத அரைகுறை வேலை என்று நினைத்திருந்தார்கள். நீற்றாத சுண்ணாம்பையே சூட்டோடு கலந்ததால் அந்தக் கட்டிகள் தங்கின, பின்னால் விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கும்போது அவை கரைந்து போய் விரிசலை அடைக்கின்றன என்பது அவர்களின் முடிவு. கொத்தனாரின் சோம்பேறித்தனம் என்று எழுதிவைத்ததுதான் கடைசியில் சூட்சுமமாக இருந்திருக்கிறது. எனக்கு இந்த ஆய்வைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை, என் மனைவிக்குத்தான் தொந்தரவு.

அடுத்தது புத்தகம். இங்கே பிள்ளை எழுதியதில் ஒரு சொல் மாற வேண்டும். நூல் எழுதுவதை ரோமானியர் கண்டுபிடிக்கவில்லை, பக்கம் புரட்டுகிற புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அதுவரை கிரேக்கரும் ரோமானியரும் படித்தது பாப்பிரஸ் சுருள், பல மீட்டர் நீளம். நடுவில் ஒரு வரியைத் தேட வேண்டுமென்றால் ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். (ஓலைச்சுவடி பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அவஸ்தை தெரியாது, எந்த ஏட்டையும் நேரே பிரித்துவிடலாம்.) மெழுகு பூசிய மரப்பலகைகளைக் கோர்த்துக் குறிப்பெழுதும் பழக்கம் கிழக்கே மிகப் பழையது, அதை ரோமானியர் வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்கள். பலகைக்குப் பதில் தோல் தாளை மடித்துக் கோர்த்து, அதிலே இலக்கியத்தையே எழுதி விற்றார்கள் என்பதற்கு முதல் சாட்சி ரோமில் வாழ்ந்த கவிஞர் மார்ஷியல், கி.பி. 80-களில். நீண்ட பயணத்தில் என் கவிதை துணைக்கு வேண்டுமா, ஒரே கையில் அடங்குகிற இந்தச் சின்னப் பிரதியை வாங்கு என்று தன் புத்தகத்துக்குத் தானே விளம்பரம் செய்கிறார், எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொல்கிறார். அப்புறம் கிறிஸ்தவர்கள் தங்கள் வேதத்துக்கு இந்த வடிவத்தையே பிடித்துக்கொண்டார்கள், நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளில் சுருள் ஒதுங்கிப்போயிற்று. நீங்கள் கடைசியாக வாங்கிய நாவலும் மார்ஷியல் சொன்ன அதே பொருள்தான்.

உங்கள் மகளுக்குத் துப்பறிய ஒரு சின்ன வழி சொல்கிறேன், சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். தரைக்கடிச் சூட்டுக்கு ரோமானியர் வைத்த பெயர் ஹிப்போகாஸ்டம், கிரேக்கச் சொல். கல்லெறியும் பொறிக்கு பலிஸ்டா, அதுவும் கிரேக்க வேர். புத்தகத்துக்கு கோடெக்ஸ், மரத்தின் அடிப்பகுதி என்று பொருள்படும் சுத்த லத்தீன், பலகையிலிருந்து வந்தது என்பதைப் பெயரே சொல்கிறது. கான்கிரீட்டில் போட்ட உடைகல்லுக்கு கேமென்டம், அதுவும் லத்தீன், நம் சிமெண்ட் அதன் பேரன். ஆனால் இதையே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஆம்பிதியேட்டர் என்பது கிரேக்கச் சொல்லால் ஆனது, கட்டடமோ இத்தாலிய மண்ணுடையது. கல்லில் கட்டி நம் காலம் வரை நிற்பதில் மிகப் பழையது பொம்பேயில் இருக்கிறது, கி.மு. 70 வாக்கில் எழுந்தது. அதைக் கட்டிக்கொடுத்த இரண்டு அதிகாரிகள் வைத்த கல்வெட்டில் அதன் பெயர் ஸ்பெக்டாகுலா, லத்தீனில் "காட்சி பார்க்கிற இடம்". கிரேக்கப் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே அடித்த இடங்களில் ஒன்றில் ஆம்பிதியேட்டரைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

இன்னொன்றும் சேர்க்கலாம், யாரும் எதிர்பார்க்காதது: அங்கதம், அதாவது நையாண்டி இலக்கியம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன், கிரேக்க இலக்கியத்தையும் லத்தீன் இலக்கியத்தையும் வகை வகையாக ஒப்பிட்டுக்கொண்டே வந்து, "அங்கதம் மட்டும் முழுக்க எங்களுடையது" என்கிறார். என்ன நேர்மை பாருங்கள், மற்றவற்றில் கிரேக்கர் முன்னோடிகள் என்பதை ஒளிக்கவே இல்லை. போர்க்கருவியிலும் அப்படித்தான். குட்டை வாளுக்கே "ஹிஸ்பானியா வாள்", அதாவது ஸ்பெயின் வாள் என்று பெயர் வைத்துச் சுமந்தார்கள், சங்கிலிக் கவசம் கெல்ட்டுகளுடையது என்று அவர்களே எழுதினார்கள். அதனால் "சுட்டார்கள்" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. சுட்டவன் பெயரை மாற்றுவான்.

ஆங், குவின்டிலியன் பிறந்தது ஸ்பெயினில். அந்த "எங்களுடையது" யார் யாரைக் குறிக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்குள்ளே ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வி. துருக்கியில் பாமுக்கலே பக்கத்தில் ஹியராபொலிஸ் என்ற பழைய நகரம். அங்கே கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி ஒன்றில் ஓர் இயந்திரம் செதுக்கியிருக்கிறது: தண்ணீரில் சுழலும் சக்கரம், அதன் சுழற்சியை முன்னும் பின்னுமான ஆட்டமாக மாற்றும் தண்டு, அந்த ஆட்டத்தில் கல்லை அறுக்கும் இரண்டு ரம்பங்கள். மிதி தையல் மிஷினில் காலாட்டம் சக்கரச் சுழற்சியாக மாறுகிறதே, அதையே திருப்பிப் போட்ட மாதிரி. சுழற்சியை ஆட்டமாக்கும் இந்த இணைப்புக்கு உலகில் நமக்குத் தெரிந்த முதல் சான்று இதுதான். உள்ளே படுத்திருப்பவர் மார்கஸ் அவ்ரேலியஸ் அம்மியானோஸ். எழுத்து கிரேக்கம், ஊர் ஆசியா மைனர், பெயரின் முன்பாதி ரோமானியம், ஏனென்றால் கி.பி. 212-இல் பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கொடுத்தபோது லட்சக்கணக்கானோர் அந்த அவ்ரேலியஸ் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். இவர் ரோமானியரா, கிரேக்கரா? கொழுந்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். ரோமப் பேரரசின் துறைமுகங்களிலிருந்து நம் கரைக்கு வந்தவர்களையும் சங்க காலத்தில் யவனர் என்றுதானே சொன்னோம், அந்தச் சொல்லே கிரேக்க இனமான அயோனியரின் பெயரிலிருந்து வந்தது.

சரி, சார்ட்டுக்கு வருகிறேன். தலைப்பில் "கண்டுபிடித்த" என்பதை எடுத்துவிட்டு "ரோமானியர் கண்டுபிடித்தவையும் பரப்பியவையும்" என்று போடட்டும். நடுவில் ஒரு கோடு கிழித்து இடப்பக்கம் கான்கிரீட் குவிமாடம், பக்கம் புரட்டும் புத்தகம், ஆம்பிதியேட்டர், அங்கதம். வலப்பக்கம் சாலை, தொட்டிப்பாலம், வளைவு, சாக்கடை, காலண்டர், கண்ணாடி, தரைக்கடிச் சூடு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரிடமிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில். செய்தித்தாளுக்கு மட்டும் விடை கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அவள் வரைந்த வளைவுகளை அழிக்க வேண்டாம், இரண்டு நாள் உழைப்பு. ஆனால் அடியில் இடம் இருந்தால் நீலப் பென்சிலால் மண்ணுக்குள் ஒரு நீளக் கோடு போடச் சொல்லுங்கள். ஆக்வா ஆப்பியா 16 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது, அதில் தரைக்கு மேலே தெரிந்தது ஏறக்குறைய 90 மீட்டர்தான்.